இறந்தவர் பட்டியலில் உன் பெயர்

கிஹுலு மலை
25 நவம்பர் 2001

அன்பு மகள் சபினாவுக்கு,

உன் அப்பா ஸீனோ கினுண்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா யுஸ்தினாவும் தங்கை நோயெலாவும் மூச்சுக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அருஷாவில் நீயும் அப்படியே இருக்க தேவமாதா துணை நிற்கட்டும். முதலில் உறையைத் திருப்பிப் பார். ஒட்டிய இடத்தின் மேல் காப்பித் தூளைக் கரைத்து மூன்று கோடு இழுத்திருக்கிறேன். மூன்றும் முறியாமல் இருந்தால் நிம்மதியாகப் படி. முறிந்திருந்தால் வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள், அப்போதும் படி, ஆனால் யார் கையிலிருந்து வாங்கினாய் என்று எனக்கு எழுது. இதை நான் மிஷன் தபால் பையில் போடவில்லை. அந்தப் பை சிஸ்டர்கள் வீட்டு வராந்தாவில் இரண்டு நாள் தொங்கிவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. அதனால் பஸ் கண்டக்டர் ஒடிலோவிடம் கொடுத்து, சொங்கேயா தபால் நிலையத்தில் அவன் கையாலேயே போடச் சொல்லியிருக்கிறேன். அவனையும் முழுக்க நம்பிவிடவில்லை, உள்ளே காப்பி விலை மட்டும்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். நீ இதைத் தனியாக உட்கார்ந்து படி. ஹோட்டல் சமையலறையில் வேண்டாம், உன்னோடு அறையில் தங்கும் பெண் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறவள் என்று நீதான் எழுதியிருந்தாய்.

இந்த முறை மழை சரியான நேரத்தில் விழுந்தது. சரிவில் வெட்டிய குழிகளில் சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது, காப்பி பூத்துவிட்டது. உன் அம்மாவுக்கு வலது முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, கோபம் மட்டும் குறையவில்லை, அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். வெள்ளை ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று நரி கொண்டுபோனது என்று பக்கத்து வீட்டுத் தார்சிஸ் சொல்கிறான், அந்த நரிக்கு இரண்டு கால்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தார்சிஸ் இன்னும் வேலியைச் சரிசெய்யவில்லை. சரி, நான் சொல்ல வந்தது ஆட்டைப் பற்றி இல்லை. நீ பதறாமல் படிக்க வேண்டும் என்பதற்காகச் சுற்றி வளைக்கிறேன், என் மகளே, இனி நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மே மாதக் கடைசியில் மலைமேல் மருந்தகத்துச் சிஸ்டர்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பெரியவள் சிஸ்டர் ஹெட்விக், வெளிநாட்டுக்காரி, முப்பது வருஷமாக இந்த மலையில்தான் இருக்கிறாள், நம் மொழியில் திட்டக்கூடத் தெரியும். சின்னவள் சிஸ்டர் இம்மாகுலாதா, கடற்கரைப் பக்கத்துப் பெண், வண்டியை ஓட்டுகிறவளும் பேரேட்டில் எழுதுகிறவளும் அவள்தான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோலைப் பார்த்தார்களாம். எதற்குத் தோலைப் பார்க்க வேண்டும்? காய்ச்சலா, நெற்றியைத் தொடு, இருமலா, மார்பில் காதை வை. தோலைப் பார்க்கிறவர்கள் சந்தையில் மாடு வாங்குகிறவர்கள்தான். அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை. மறுநாள் நோயெலாவைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவள் மேல்கையில் ஒரு வெளுத்த தேமல் இருந்ததல்லவா, எலுமிச்சை தேய்த்தால் போய்விடும் என்று நாம் விட்டுவிட்டோமே, அதைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து உடம்பில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார்கள். தோள், கழுத்து, உள்ளங்கை எல்லாம் சரியாகக் காட்டினாள். தேமல் மேல் தொட்டபோது சும்மா நின்றாள். மறுபடி தொட்டார்கள். “இன்னும் தொடலயே சிஸ்டர், தொடுங்க,” என்றாள் பிள்ளை. உன் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சிஸ்டர் ஹெட்விக் மெதுவாகத்தான் சொன்னாள், இது தொழுநோய், ஆரம்பம்தான், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் அடியோடு போய்விடும், கைகால் ஒன்றும் ஆகாது என்று.

பெருநோய் என்ற சொல் நம் வீட்டு முற்றத்தில் விழுந்தபோது எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டுமானால், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குக் கஸியானி என்று ஒரு தம்பி இருந்தார். எனக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு லாரி வந்தது. வெள்ளை உடுத்தவர்கள் இறங்கினார்கள், ஒரு புத்தகத்தில் எழுதினார்கள், சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை முகாமுக்குப் போனார்கள். அவர் கும்பிட்ட கைகளில் விரல் குறைந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அவர் குடிசையை அன்றைக்கே ஊர்க்காரர்கள் கொளுத்தினார்கள். அவர் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் அப்பா உத்தரவு போட்டார், நானும் நாற்பத்தாறு வருஷம் சொல்லவில்லை. இப்போது மறுபடி வெள்ளை உடுத்தவர்கள், மறுபடி ஒரு புத்தகம். நான் எப்படி நம்புவேன், நீயே சொல்.

மாத்திரையும் எனக்கு ஒத்துவரவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் சிஸ்டர் கண் முன்னால் விழுங்க வேண்டிய மாத்திரை ஒன்று, தினம் வீட்டில் விழுங்க வேண்டியது ஒன்று. முதல் நாள் நோயெலாவுக்கு மூத்திரம் சிவப்பாகப் போனது. இரத்தத்தை உருக்கி எடுக்கிறார்கள் என்று அம்மா அலறினாள். “பீட்ரூட் சாப்பிட்டா போறதில்லயா, அது மாதிரிதான், மருந்தோட நிறம்,” என்று சிஸ்டர் ஹெட்விக் சிரித்தாள். முதல் நாளே சொல்லாமல் பிறகு சிரிக்கிறவளை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதனால் தினம் விழுங்கும் மாத்திரையில் ஒன்றைப் பொடித்துச் சேவலுக்குப் போட்டேன். இரண்டு நாள் பார்த்தேன். சேவல் சாகவில்லை, முன்னைவிடச் சத்தமாகக் கூவியது. அப்புறம்தான் பிள்ளைக்குக் கொடுத்தேன். ஆனால் அடுத்த மாதம் இம்மாகுலாதா அட்டையை விரித்து எண்ணிவிட்டு, இரண்டு நாள் மாத்திரை ஏன் மிச்சமிருக்கு என்று கேட்டாள். நான் சேவலைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. “சேவலுக்குத் தொழுநோய் வராது, பெரியவரே. பொண்ணுக்குத்தான் வந்திருக்கு. இனிமே சோதனை பண்ணணும்னா என் மேல பண்ணுங்க,” என்று சொல்லி, மாத்திரை விழுங்க அவர்கள் கொண்டுவந்த குடுவைத் தண்ணீரையும் நம் குடுக்கைத் தண்ணீரையும் மாற்றி மாற்றிக் குடித்துக் காட்டினாள். அதில் ஒரு தந்திரமும் எனக்குத் தென்படவில்லை. தென்படாததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பேரேடு. இந்தக் கூரைக்குக் கீழே ஐந்து வருஷத்துக்குள் யார் யார் படுத்தார்கள், பெயர் சொல்லுங்கள், எல்லோரையும் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் என் பெயர், அம்மா பெயர், நோயெலா பெயர் சொன்னேன். வேறு யாராவது? யாருமில்லை. நீ ஹோட்டலில் சமைக்கிறாய். சமைக்கிறவள் வீட்டில் பெருநோய் என்று ஒரு காகிதம் அருஷாவுக்குப் போனால் அன்றைக்கே உன் மூட்டையைத் தெருவில் வைப்பார்கள். அன்செல்ம் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு மறு வருகை வருவதாக இருந்தது, அவர்களும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உன்னை லாரியில் ஏற்ற விடமாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டு, யாருமில்லை என்றேன். சின்னவள் எழுதி முடித்து மூடி போடப்போகிறாள், அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் தார்சிஸ், “சபினாப்பா! ஏ சபினாப்பா! உன் ஆடு என் பீன்ஸைத் தின்னுது, வந்து பிடி!” என்று மலை அதிரக் கத்தினான். இம்மாகுலாதா பேனாவை அப்படியே தூக்கிப் பிடித்தாள். “யாரு சபினா?” என்றாள். ஊரே முதல் பிள்ளை பெயரை வைத்துத்தான் அப்பனைக் கூப்பிடுகிறது, இதை எந்தக் கூடையைப் போட்டு மூடுவேன்? என் வாய் என்னைக் கேட்காமல், “செத்துப்போயிட்டா,” என்றது.

மகளே, அந்தச் சொல்லை நான் திரும்ப விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. எப்போது என்று கேட்டார்கள், போன வருஷம் என்றேன். என்ன நோய் என்றார்கள், காய்ச்சல் என்றேன். எங்கே அடக்கம் என்றார்கள், தூரத்தில் என்றேன். ஒரு பொய் போய் நின்ற இடத்தில் அடுத்ததைக் கேட்டது. சிஸ்டர் ஹெட்விக் என் தோளில் கை வைத்து, “ஏன் முன்னாடியே சொல்லல? பாவம் நீங்க,” என்றாள், கண்ணில் தண்ணீர். நாடகமாடுகிறாள் என்று நினைத்தேன், ஆடிக்கொண்டிருந்தது நான். உன் பெயரைப் பேரேட்டில் எழுதிப் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டார்கள். அம்மா அப்போது ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நோயெலா மட்டும் கதவோரம் நின்று கேட்டுவிட்டாள். அவர்கள் போனதும், “அக்கா செத்துட்டாளாப்பா?” என்று கேட்டாள். “இல்லடி, சிஸ்டருங்களுக்கு மட்டும் செத்திருக்கா,” என்று சொல்லி ஒரு கரும்பு வெட்டிக் கொடுத்தேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு கரும்பைக் கடித்தாள். அப்படி நம் வீட்டில் இரண்டு பேர் ஜூன் மாதத்திலிருந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். நீ ஆகஸ்டில் எழுதிய கடிதம் வந்தபோது கூட, யாரும் பார்க்காமல் அதைச் சட்டைக்குள் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நவம்பர் வந்தது. முதல் ஞாயிறு, ஆத்துமாக்களுக்காகப் பூசை. வழக்கம்போல நான் கோயிலுக்கு வெளியே ஆண்களோடு காப்பிப் பூ பேசிக்கொண்டு நின்றேன். உள்ளே உபதேசியார் ஊரில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். மருந்தகத்திலிருந்தும் ஒரு பட்டியல் போயிருக்கிறது, நல்ல எண்ணத்தில்தான், சிஸ்டர் ஹெட்விக் தன் கையால் எழுதிக் கொடுத்தது. “சபினா கினுண்டா, ஸீனோவின் மகள்,” என்று உபதேசியார் வாசித்தார். அப்புறம் உன் அம்மா போட்ட கூச்சல், சபினா, அது மனுஷக் கூச்சல் இல்லை. பெஞ்சிலிருந்து தரையில் விழுந்தாள். பெண்கள் எல்லாம் தலையில் கை வைத்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள், சாமியார் பீடத்தில் கையை விரித்தபடி நிற்கிறார், பூசை பாதியில் நிற்கிறது. நான் ஓடிப்போய்த் தூக்கப்போனேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குச் சொல்லாம மறைச்சிட்டியே, எல்லாருக்கும் தெரியும், பெத்தவளுக்குத் தெரியாதா,” என்று அடித்தாள். அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டது முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும் முன் ஊர் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. உச்சி வெயிலுக்குள் முற்றம் நிறைந்தது. பெண்கள் சோள மாவும் பீன்ஸும் தலையில் சுமந்து வந்தார்கள், ஆண்கள் விறகு கொண்டுவந்தார்கள், தார்சிஸ் ஒரு கோழியைக் கால் கட்டிக் கொண்டுவந்து போட்டான். மூன்று கல் வைத்துப் பெரிய பானையில் தேநீர் கொதித்தது. உன் கஸ்தோரி மாமா பக்கத்து மலையிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்து இறங்கி, என் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டி, “என் தங்கச்சி மகள எங்க புதைச்ச? யாரக் கேட்டுப் புதைச்ச? ஒரு பிடி மண்ணு போட எங்களுக்கு உரிமையில்லயா?” என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “அவ சாகல,” என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன், “சபினா சாகல, உயிரோடதான் இருக்கா, நான் பொய் சொன்னேன்.” ஒப்பாரி ஒவ்வொருத்தியாக நின்றது. அந்த அமைதியில் தார்சிஸ், “அப்ப என் கோழி?” என்றான். சிலர் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை, என் கன்னத்தில் ஓர் அறை விட்டார், நான் வாங்கிக்கொண்டேன், அது எனக்குச் சேர வேண்டியதுதான். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. “என்னச் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்றான். அவ செத்துட்டானு சொன்னதும் இந்த வாய்தான். சாகலன்னு சொல்றதும் இந்த வாய்தான்,” என்று பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் வந்தது. சிஸ்டர்கள் துக்கம் விசாரிக்கச் சர்க்கரையோடு வந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோர் முன்னாலும் சிஸ்டர் ஹெட்விக்கைக் கேட்டுவிட்டேன், நீங்கள் பெயர் எழுதினால் எங்கள் ஆட்கள் திரும்பி வருவதில்லை, என் சித்தப்பாவை எழுதினீர்கள், லாரியில் ஏற்றினீர்கள், அதற்குப் பயந்துதான் என் மகளைச் சாகடித்தேன் என்று. கஸியானி என்ற பெயரை வாய்விட்டே சொன்னேன். அவள் கோபப்படுவாள், இல்லை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சாதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் எதிரே விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். “நடந்துச்சு. எங்க ஆளுங்கதான் செஞ்சாங்க. அப்ப இந்த மருந்து இல்ல, பயம் மட்டுந்தான் இருந்துச்சு. அது தப்பு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்,” என்றாள். அப்புறம், “இப்ப யாரையும் எங்கயும் கொண்டுபோறதில்ல. நோயெலா உங்க வீட்லயேதானே இருக்கா? பள்ளிக்கூடம் போறாளா இல்லயா?” என்று கேட்டாள். போகிறாள், இந்த ஐந்து மாதமும் ஒரு நாள் விடாமல் போகிறாள். எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், என்ன செய்வதென்று தெரியாமல், வந்தவர்களுக்குத் தேநீராவது ஊற்றுவோம் என்று எழுந்து போய், கிடைத்த துணியை வலது கையில் பிடித்துப் பானையை அடுப்பிலிருந்து இறக்கினேன். இறக்கி, எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டு நின்றேன்.

சிஸ்டர் ஹெட்விக் மெதுவாக, “பானையைக் கீழ வைங்க, ஸீனோ,” என்றாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “இப்பவே வைங்க.” வைத்தேன். என் இடது உள்ளங்கையைத் திருப்பினாள். தோல் வெள்ளையாக வெந்து சுருங்கியிருந்தது, சுண்டுவிரல் பக்கம் முழுக்க. “சுடலயா?” என்றாள். நான் பார்த்தேன், அது யாருடைய கையோ போல இருந்தது. சுடவில்லை, சபினா. கொஞ்சம்கூடச் சுடவில்லை. அவள் என் முழங்கையின் உள்பக்கம் விரலை வைத்து அழுத்தினாள், அங்கே ஒரு நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. உள் அறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றினார்கள். முதுகில் எத்தனை தேமல் என்று இம்மாகுலாதா சத்தமாக எண்ணவில்லை, எழுதிக்கொண்டே போனாள், பேனா வெகுநேரம் ஓடியது. புருவம் உதிர்ந்ததை வயசு என்றும், விரல் மரத்ததை மண்வெட்டி பிடித்ததால் என்றும் நான்கு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். ஜூனில் வீட்டாரைச் சோதித்தபோதும், தோலைக் காட்ட நான் சந்தை மாடு இல்லை என்று தோட்டத்துக்கு நழுவிவிட்டேன். ஊரில் நரியையும் கண்டக்டரையும் கன்னியாஸ்திரிகளையும் சந்தேகப்பட்டேன். என் கையை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. நோயெலாவுக்கு என்னிடமிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். “யார்கிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது,” என்றாள் பெரியவள். அவள் எனக்காகச் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் பேரேட்டை என் முன்னால் விரித்தாள். உன் பெயர், பக்கத்தில் சிலுவை. “செத்தவங்களுக்கு நான் ஜெபம் பண்ணலாம். உயிரோட இருக்கறவங்களுக்கு மருந்து கொடுக்கலாம். எது வேணும்னு நீங்க சொல்லுங்க,” என்று பேனாவை என் நல்ல கையில் கொடுத்தாள். சிலுவையை நானே அடித்தேன். அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்துவிட்டது. இம்மாகுலாதா கிழிசலுக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டி, “இந்த வீட்ல ரெண்டு வருஷம் முன்னாடி வரை இருந்தவங்க, இப்ப அருஷா,” என்று எழுதினாள். நான் எனக்கு இன்னொரு மகள் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம், பிறகு துக்கத்துக்கு வந்திருந்த உன் சித்தி சொன்னாள், எனக்கு அது ஞாபகமில்லை.

இப்போது நானும் மருந்து சாப்பிடுகிறேன். எனக்கு ஒரு வருஷம். மூன்று வகை மாத்திரை, அதில் ஒன்று தோலைக் கறுக்கச் செய்யுமாம், முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அந்த அளவில் பரவாயில்லை. முதல் வேளை விழுங்கிய நாளிலிருந்தே நான் மற்றவர்களுக்கு ஒட்டவைப்பது நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். கை வெந்தது ஆறிவருகிறது, மரத்துப்போனது முழுக்கத் திரும்புமா என்பது தெரியாதாம், தெரியாது என்று சொன்னதால்தான் மற்றதை நம்பலாமோ என்று தோன்றுகிறது. இவ்வளவு மருந்தை ஏன் சும்மா கொடுக்கிறார்கள் என்பது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோயெலாவின் தேமல் மங்கிவிட்டது, பஞ்சு தொட்டால் “கூசுது, கூசுது” என்று சிரிக்கிறாள். டிசம்பரோடு அவளுக்கு முடிகிறது.

இனி உன் விஷயம். ஆகஸ்டு கடிதத்தில் நீ பெருமையாக எழுதியிருந்தாய், சமையலறையில் மற்றவர்கள் துணி தேடிக்கொண்டு நிற்கும்போது நீ வெறுங்கையால் சட்டியை இறக்குகிறாய், சமையல் தலைவர் உன்னை இரும்புக்கை என்று கூப்பிடுகிறார் என்று. அன்றைக்கு அதை நான் இரண்டு தடவை வாசித்துக் காட்ட, அம்மாவும் நானும் சிரித்தோம். இப்போது அந்த வரி சிரிப்பாக இல்லை, சிஸ்டர் ஹெட்விக்கிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். ஒருவேளை உன் கை காய்த்துப்போனதுதான் காரணமாக இருக்கலாம், சிஸ்டரும் அப்படித்தான் சொன்னாள், பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றாள். ஆனால் நீ இதைப் படித்த அன்றே ஒரு பஞ்சைத் திரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையிலும் முழங்கையிலும் தேமல் எதுவும் இருந்தால் அதன் மேலும் நம்பிக்கையான ஒருத்தியைத் தொடச் சொல். அந்த அறைப் பெண்ணை வேண்டாம். எப்படி இருந்தாலும் சரி, உன் விடுமுறை நாளில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் பார்க்கிற டாக்டரைக் கேள். இதனுடன் சிஸ்டர் ஹெட்விக் டாக்டருக்கு எழுதிய தாள் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன், உன்னை எங்கும் அனுப்பவோ அடைக்கவோ ஒரு சொல்லும் இல்லை என்று அவர் சொன்னார், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடமும் தனியாகக் காட்டி உறுதி செய்துகொண்டேன். ஹோட்டலில் முதலில் யாரிடமும் சொல்லாதே. மருந்து ஆரம்பித்த பிறகு சமைப்பதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள், தேவைப்பட்டால் அப்போது காட்டு. மாத்திரை கொடுத்தால் அட்டை பிரிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, வாங்கினால் ஒரு வேளையும் விடாதே. அன்செல்ம் வீட்டாருக்கு நானே சொல்லிவிட்டேன், ஒளித்துவைத்தது போதும். அவன் அப்பா ஊற்றிக் கொடுத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அன்செல்ம் மட்டும் மறுநாள் மருந்தகத்துக்குப் போய் ஏதோ விசாரித்தானாம். எதற்கு விசாரித்தான் என்று எனக்குத் தெரியாது, நல்லதற்காக இருக்கலாம்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதிப்பார்த்தேன், அது இந்தக் காரியத்துக்குப் போதாத சொல்லாக இருக்கிறது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து ஐந்து மாதம் உன்னை மருந்திலிருந்து மறைத்துவைத்தேன். அதை நீ நேரில் வரும்போது எப்படி வேண்டுமானாலும் கேள், நான் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா இப்போது என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நான் ஒவ்வொரு பக்கம் முடிக்கும்போதும் நோயெலாவை விட்டு உரக்க வாசிக்கச் சொல்கிறாள், நான் எதையாவது விட்டுவிட்டேனா என்று. அடுத்த கடிதம் உன்னிடமிருந்து வந்தால்கூட நம்ப மாட்டாளாம், உன் எழுத்தைப் போல நானே எழுதிக் கொண்டுவருவேனாம். அதனால் அவள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ ஊரை விட்டுப் போன காலையில், பஸ் கிளம்பும் முன், ஜன்னல் வழியாக உன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா உன் காதில் ஒன்று சொன்னாளாம். நீயும் ஒரு பதில் சொன்னாயாம். அந்தப் பதிலை எழுது, வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்கிறாள். அது என்ன என்று நான் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கடவுள் உன் தலையிலும் தோளிலும் பத்து விரலிலும் கை வைத்து ஆசீர்வதிக்கட்டும். டாக்டரைப் பார்க்க மறக்காதே, சீக்கிரம் எழுது.

உன் அப்பா,
ஸீனோ கினுண்டா